இருபத்திரண்டுக்கும் இருபத்துமூன்றுக்கும் இடையில்

ஓபல் ரவரின் நாற்பத்தொரு மாடிகளையும்
எனக்குத் தெரியும். நான் போனதில்லை.
கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட,
மருந்துக்கடைக்கு மேலே
எட்டுப் பேர் இருக்கும் ஓர் அறைக்கு
அந்தக் கொழும்புக் கட்டடத்தின் முறைப்பாடுகள்
இரவு பகலாய் வந்து சேர்கின்றன.

1904: சுடுநீர் ஆறு செக்கன் பிந்தி வருகிறது.
2711: பல்கனியில் புறா.
மீண்டும் 2711: அதே புறா.
3302: நீச்சல் தடாகத்தில் யாரோ ரீசேட்டோடு.
3608: கடல் இரைகிறது, ஏதாவது செய்ய முடியுமா?

குறித்துக்கொள்கிறேன். இலக்கம் கொடுக்கிறேன்.
கடலுக்கும் ஓர் இலக்கம் உண்டு, 88417.
இன்னும் மூடப்படவில்லை.

தொலைபேசியில் என் பெயர் நிலூ.
நிரோஜிகா நீளம் என்று
சுப்பவைசர் கோகுலராஜ் வெட்டிவிட்டான்.
மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்பேன்.
சிங்களத்தில் கேட்பதுதான் சுத்தமாக வரும்,
அதில்தான் பழக்கம் கூட.

நாற்பத்தொரு மாடி எவ்வளவு உயரமென்று
ஒருநாள் மதியம் சோற்றுப் பார்சலுக்கு முன்னால்
கணக்குப் பார்த்தோம்.
சின்னதில் நான் கண்ட மிகப் பெரிய கட்டடம்
ஊர்த் தண்ணீர்த்தாங்கி.
நான் கண்டபோது அது படுத்திருந்தது.
படுத்திருப்பதை உயரத்தில் எப்படிச் சேர்ப்பது?
நீளத்தில் எழுது, என்றாள் பிரசாந்தினி.

மாசி மாதம், வெள்ளி இரவு, பத்து இருபது.
கொழும்பில் கறண்ட் போனது. ஜெனரேற்றர்
எழும்பி, இருமி, படுத்துவிட்டது.
மூன்றாம் லிப்ற்
இருபத்திரண்டுக்கும் இருபத்துமூன்றுக்கும் இடையில்.
உள்ளே 2309, திருமதி ஹப்புகொட.
வரவேற்பறைப் பூவில் மணம் கூடிவிட்டதென்று
கிழமைக்கொருதரம் எடுப்பவர்.

கையேடு, பக்கம் பதினான்கு:
அமைதியாக இருக்கச் சொல்லவும்.
சொன்னேன். கத்தினார்.
திரும்பவும் சொன்னேன்.
மூச்சு பிய்ந்து பிய்ந்து வந்தது.
அந்த மூச்சை எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்கும் ஒருகாலம் இரண்டு தளம்.
ஒன்று மண்ணுக்குக் கீழே.
தென்னங்குற்றிக் கூரை, எட்டடி நீளம்,
ஐந்து பேர்.

கையேட்டை மூடினேன்.
அம்மா எனக்குத் தமிழில் சொன்னதை
சொல் சொல்லாகச் சிங்களத்தில் சொன்னேன்:
நிலத்தில இருங்கோ.
செருப்பைக் கழட்டுங்கோ.
முதுகை ஒரு மூலையில குடுங்கோ, கதவுப் பக்கம் வேண்டாம்.
எண்ணாதேங்கோ, எண்ணினால் நேரம் நீளும்.
வாயைக் கொஞ்சம் திறந்து வைச்சிருங்கோ.

(கடைசியாய்ச் சொன்னது
லிப்றுக்குத் தேவையில்லாதது.
பழக்கத்தில் வந்துவிட்டது.)

அவர் இருந்தார். மூச்சு நேரானது.
பிறகு கேட்டார்: நீ எத்தனையாம் மாடி?

நாங்களும் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறோம்
என்று அவர்கள் நினைக்கவேண்டும்; அது ஒப்பந்தம்.
கீழே, என்றேன்.
கீழே என்ன தெரிகிறது? ஏதாவது சொல்லு.

யன்னலால் பார்த்தேன்.
ஏ-ஒன்பது வீதியோரம் படங்கு விரித்து
நெல் காயப்போட்டிருந்தது.
பக்கத்தில் ஓர் ஆள்,
சாக்கைத் தலைக்கு வைத்து நித்திரை.
அதைச் சொன்னேன்.
வரவேற்பறையிலா? என்றார்.
வேறு வழி? ஓம், என்றேன்.

நாற்பத்தாறு நிமிடம்.
கதவு திறந்த சத்தம் கேட்டது.
நன்றி கேட்கவில்லை.

கோகுலராஜ் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டான்.
கையேட்டை மீறியதற்கு ஐந்து புள்ளி வெட்டினான்.
வாயைத் திறக்கச் சொன்ன இடத்தில் நிறுத்தி,
பின்னுக்கு இழுத்து, திரும்பக் கேட்டான்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
அவனுக்கும் ஊர் முள்ளியவளை.

விடியப்புறம் 2309 மறுபடி எடுத்தார்:
வரவேற்பறையில் நெல் காயப்போட்டு
யாரோ படுத்திருக்கிறார்கள், விசாரிக்கவும்.
88902, என்றேன்.

ஷிப்ற் முடிந்து இறங்கினேன், பதினேழு படி.
அந்த ஆள் எழும்பி
நெல்லைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்.
கடைசி மணிகளைப் படங்கோடு உதறியபோது
காகங்கள் விலகவில்லை.

திரும்ப ஏறினேன்.
88902. நிலை: அகற்றப்பட்டது.
அதை மூடினேன்.

அதற்கு மேலே கடல்
அப்படியே கிடந்தது.